இரண்டாவது பிடி

ரஸ்மானே லிங்கானிக்கு எதிரி என்று ஊரில் யாரும் கிடையாது, அவனுடைய வாயைத் தவிர. சாப்ரேயில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கை தங்கமான கை. வீட்டுக்காரன் குப்பையில் போட்ட பேட்டரியைக்கூட எடுத்து உட்காரவைத்து நாலு வார்த்தை பேசி உயிர் கொடுத்துவிடுவான். ஆனால் அந்த நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரியாது.

அவன் வைத்திருந்தது ஒரு தகரக் கொட்டகை. வாலிபப் பிள்ளைகளுக்கு அங்கே சோலார் வேலை சொல்லிக்கொடுத்தான். தகடு மாட்டுவது, வயர் இழுப்பது, கிணற்று மோட்டாருக்கு இணைப்புக் கொடுப்பது என்று எல்லாம். போன மழையில் கூரை பறந்துபோய் மூன்றாவது தெருவில் ஒருவருடைய ஆட்டுத் தொழுவத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. இறக்கிப் பார்த்தால் சல்லடை. பாடம் நடத்தும் பேட்டரிகள் எல்லாம் தண்ணீரில் நீச்சல் பழகி இறந்துபோயிருந்தன.

அறுவடை முடிந்ததும் தங்கக் குழி வேலைக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்தது. பிள்ளைகள் ரஸ்மானேயிடம் வந்து நின்றார்கள்.

"மாஸ்டர், கொட்டகை திறக்குமா? திறந்தா இருக்கோம். இல்லேன்னா அடுத்த வாட்டி லாரி வர்றப்ப ஏறிடுவோம். வீட்ல சும்மா உக்காந்து எத்தனை நாள் களி தின்னுறது?"

போன வருஷம் லாரியில் ஏறிய யாக்கூபா திரும்பி வரவில்லை. மண் சரிந்து குழி மூடிக்கொண்டது. இரண்டு மாதம் கொட்டகையில் படித்துவிட்டு, பொறுமை இல்லாமல் போன பிள்ளை. அவனுடைய ஸ்க்ரூடிரைவர் இன்னும் ரஸ்மானேயின் பெட்டியில் கிடந்தது. அதை அவன் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

எனவே ரஸ்மானே சைக்கிளை எடுத்தான். கேரியரில் ஒரு சோலார் தகடு, முன்னால் ஒரு தகர டப்பா, ஊர் ஊராக வசூல். முதலில் சொந்த ஜனங்களிடம் போனான். அவன் இனமான பிசாக்காரர்கள் தாராளமானவர்கள். நான்கு கோழி, இரண்டு படி கம்பு, எக்கச்சக்கமான ஆசீர்வாதம் கிடைத்தது. ஆசீர்வாதத்தால் கூரை வேய முடியாது என்பதை அவன் இரண்டாவது நாளே உணர்ந்துகொண்டான்.

பிறகுதான் தியேபெலேவுக்குப் போனான். அங்கே கத்திரு அக்காவின் கடையில் குளிர்பெட்டி பழுது. கத்திரு அந்தச் சந்தை வியாபாரிகளுக்கெல்லாம் தலைவி. சிமெண்ட் விற்பாள், தகரம் விற்பாள், குளிர்ந்த பானம் விற்பாள். கசேனா இனத்துக்காரி.

பிசாவுக்கும் கசேனாவுக்கும் உள்ள முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். கேலிமுறை. வழியில் கண்டால் "என் அடிமையே, சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். யார் யாரை என்ன சொன்னாலும் கோபம் வரக் கூடாது. கோபப்பட்டவன் அபராதம் கட்ட வேண்டும். பிசாவைப் பொறுத்தவரை கசேனாக்காரன் நாய்க்கறிப் பிரியன். கசேனாவைப் பொறுத்தவரை பிசாக்காரன் கடலை என்றால் பெண்டாட்டியைக்கூட மறந்துவிடுவான். இரண்டும் எவ்வளவு உண்மை என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இரண்டு பக்கமும் விருந்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

குளிர்பெட்டியைச் சரிசெய்து முடித்ததும் கத்திரு ஒரு தட்டில் வறுத்த கடலை கொண்டுவந்து வைத்தாள். சந்தையே வேடிக்கை பார்த்தது.

"எடுத்துக்கோடா அடிமை. இதுக்குத்தானே ஆறு தாண்டி வந்த."

இந்த இடத்தில் வேறு எந்தப் பிசாவாக இருந்தாலும் சிரித்துக்கொண்டே தட்டைக் காலி செய்திருப்பான். ரஸ்மானேயின் வாய் சும்மா இருக்குமா?

"கடலையா? அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க திங்கறது அக்கா. நான் நெனச்சா மாசக்கணக்கா தொடாம இருப்பேன்."

சந்தை கொல்லென்று சிரித்தது. கத்திரு சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாசமெல்லாம் வேணாம். ஒரே ஒரு பகல். அடுத்த பெரிய சந்தை அன்னைக்கு உங்க ஊர்லேர்ந்து சைக்கிள் மிதிச்சு இங்க வா. வழியில ஒரு கடலை உன் நாக்குல படக் கூடாது. வந்துட்டா உன் கொட்டகைக்குக் கூரையும் பேட்டரியும் எங்க சந்தை பொறுப்பு. பட்டுச்சுன்னா வெறுங்கையோட திரும்பி மிதி."

"சரி" என்றது ரஸ்மானேயின் வாய், அவனைக் கலந்துகொள்ளாமலே.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் மனைவி அஸாரா களி கிண்டும் துடுப்பை அப்படியே நிறுத்தினாள்.

"நீங்களா? ராத்திரி தலைகாணிக்கு அடியில கடலை வச்சிட்டுத் தூங்கற நீங்களா?"

"அது எலிக்கு வைக்கிறது."

"ஆமா. காலையில எலி தொலியை மட்டும் வச்சிட்டுப் போகுது."

சாட்சியாக வந்தவன் கத்திருவின் தம்பி அப்பியு. டயர் வியாபாரி. உருண்டு திரண்ட ஆள். முந்தின நாளே சாப்ரேக்கு வந்து, ரஸ்மானே வீட்டில் படுத்து, அஸாரா விதைக்கு வைத்திருந்த கடலையில் பாதியைத் தின்று தீர்த்தான். காலையில் கைப்பிடியில் ஒரு கடலை மூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

"நான் திங்கலாம். ஒப்பந்தம் உனக்குத்தான் மச்சான்" என்றான். வழி நெடுகக் காலால் மிதித்தானா, வாயால் மிதித்தானா என்று சொல்ல முடியாத அளவுக்குத் தின்றுகொண்டே வந்தான். தொலியை வேண்டுமென்றே ரஸ்மானே பக்கம் ஊதினான்.

அன்றைக்கு வடகிழக்கிலிருந்து புழுதிக் காற்று. கேரியரில் நிமிர்ந்து நின்ற தகட்டில் காற்று மோதி, ரஸ்மானேயைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. அப்பியு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"இது மோசடி மச்சான்."

"கடலையைப் பத்தித்தான் பேச்சு. காத்தைப் பத்தி உங்க அக்கா ஒண்ணும் சொல்லல."

முதல் சில ஊர்கள் பிசா ஊர்கள். அங்கேதான் பெரிய தொல்லை. கசேனாக்காரர்கள் கேலி செய்வார்கள் என்று தயாராக வந்தவனுக்கு, சொந்த ஜனங்கள் கோபப்படுவார்கள் என்று தோன்றவில்லை. ஒரு கிழவர் தடியோடு வழியை மறித்தார்.

"நீதானா அது? கடலை திங்க மாட்டேன்னு சொன்னவன்? உங்கப்பன் எதைத் தின்னு உன்னை வளர்த்தான்? தங்கத்தையா?"

"கொட்டகைக்காகப் பெரியப்பா. பிள்ளைங்களுக்காக."

"பிள்ளைங்களுக்காக வேற எதையாவது விட்டுத் தொலை. பேச்சை விடு. அதான் எல்லாருக்கும் நல்லது."

கசேனா ஊர்கள் ஆரம்பித்ததும் ஒரே திருவிழா. செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் சாலையோரம் சட்டி வைத்துக் கடலை வறுத்தார்கள், காற்று வாசனையை அவன் மூக்குக்கே கொண்டுவரும்படி திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அவன் கூடவே ஓடி வந்து கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலையை உடைத்தாள். அந்தச் சத்தம் அவன் முதுகெலும்பில் இறங்கியது. ஆனாலும் டப்பாவில் காசு விழுந்தது. சிரிக்கிற மனுஷன் கை கொடுக்க நீளும் என்று அவன் அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

பசி தாங்காமல் ஒரு இடத்தில் காராமணி வடை வாங்கி ஒன்றை விழுங்கினான். அப்பியு விசில் அடித்தான்.

"அவுட். அது கடலெண்ணெயில பொரிச்சது."

ரஸ்மானேக்கு முகம் வெளிறிவிட்டது. அப்பியு கத்திருவுக்கு ஃபோன் போட்டு, ஊரே கேட்கும்படி சத்தமாக வைத்தான். கத்திருவின் குரல் சந்தை இரைச்சலுக்கு மேலே வந்தது.

"மாட்டுப்பால் குடிச்சவன் மாட்டுக்கறி தின்னவனா? விடு. மிதிக்கச் சொல்லு. அவ்வளவு சுலபமா அவனைத் தோக்கவிடாதே, எனக்கு இங்க கூட்டம் சேரணும்."

தியேபெலேவுக்கு ஒரு ஊர் முன்னால் பறைச் சத்தம் கேட்டது. வேப்ப மரத்தடியில் கூட்டம். ஒரு ஆள் ஓடிவந்து ரஸ்மானேயின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான்.

"நீ பிசாதானே? இறங்கு. கோரா செத்துட்டார். கேலிமுறைக்காரன் ஒருத்தன்கூட வந்து கேலி பண்ணாம எப்படி அடக்கம் பண்றதுன்னு நின்னுட்டிருக்கோம்."

ரஸ்மானே அப்பியுவைப் பார்த்தான். அப்பியு மெல்லுவதை நிறுத்தியிருந்தான். ரஸ்மானேக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆகா, கடைசி ஊர், கடைசி சூழ்ச்சி. சாவு வீட்டில் முறைக்காரனுக்குச் சாப்பாடு வைப்பார்கள், அதில் கடலை இருக்கும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. எவனோ ஒருவனைப் பாயில் கிடத்திவிட்டுப் பறை அடிக்கிறார்கள். கத்திரு அக்காவின் மூளையே மூளை.

சரி, இவர்கள் நாடகம் ஆடினால் நான் இரட்டிப்பாக ஆடுகிறேன் என்று இறங்கினான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாயின் அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். போர்த்திய துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"டேய் சோம்பேறி, எந்திரி. பட்டப்பகல்ல என்னடா தூக்கம்? என் அடிமை நீ. என் வயல்ல களை எடுக்க யார் வருவா? உன் பொண்டாட்டியா?"

கூட்டம் விம்மலுக்கு நடுவே சிரித்தது. நன்றாகத்தான் நடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"எத்தனை நாய் தின்னே நேத்து ராத்திரி? அதான் எந்திரிக்க முடியல. இரு, நான் எழுப்பறேன்." சொல்லிக்கொண்டே குனிந்து அந்த உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினான்.

கால் அசையவில்லை. சில்லென்று இருந்தது.

ரஸ்மானேயின் கை அங்கேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணீரை எந்தக் கத்திருவாலும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

அப்பியு காதருகே குனிந்தான். "மச்சான், இவர் கோரா. இந்தப் பக்கம் கடலை வெளைய வைக்கறதுல இவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. உன்னை யாரோ கடவுள்தான் அனுப்பியிருக்கான். நிறுத்தாதே, நடத்து."

ரஸ்மானேக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் நடுவில் நிறுத்தினால் அதுதான் அவமானம் என்று அவனுக்குத் தெரியும். முறைக்காரன் கேலி செய்து அனுப்பாத சாவு அரைகுறைச் சாவு. இத்தனை நேரம் பொய்யென்று நினைத்துச் செய்ததை இனி மெய்யாகச் செய்ய வேண்டும். கோராவின் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டான். இடது காலை இழுத்து நடப்பார் என்று யாரோ சொன்னார்கள், இழுத்து நடந்தான். இரண்டு இருமல், ஒரு கெட்ட வார்த்தை, அதுதான் அவர் வீட்டுக்குள் நுழைகிற முறை என்றார்கள். அதையும் செய்தான். சுற்றி நின்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், அழுதார்கள். முகம் தெரியாத அந்த மனுஷன்மேல் ரஸ்மானேக்கு எங்கிருந்தோ ஒரு பிரியம் வந்தது.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் ஒரு சுரைக்குடுக்கையோடு வந்தாள். கோராவின் மனைவி அவேபகா. குடுக்கை நிறைய வறுத்த கடலை.

"அவர் கையால விதைச்சது. கடைசி விளைச்சல். முறைக்காரன் வாயில படாம அவரை நான் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

ரஸ்மானே குடுக்கையைப் பார்த்தான். மனசுக்குள் கூரையில்லாத கொட்டகையைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், பெட்டியில் கிடக்கும் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான். பிறகு அவேபகாவின் முகத்தைப் பார்த்தான். கையை விட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பெண்கள் குலவையிட்டார்கள்.

அது கடமைக்குத் தின்றது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததுதான் விஷயம். பதமான வறுவல், கொஞ்சம் உப்பு, எண்ணெய் ததும்பும் பருப்பு. எல்லோரும் கோராவைத் தூக்கத் திரும்பினார்கள். அப்பியுவும் தோள் கொடுக்கப் போனான். ரஸ்மானேயின் கை தானாகக் குடுக்கைக்குள் போய், முதல் பிடியைவிடப் பெரிய பிடியாக ஒன்றை எடுத்து வந்தது. யாரும் பார்க்கவில்லை.

மறுபடி சைக்கிளில் ஏறியதும் அப்பியு சொன்னான். "கவலைப்படாதே மச்சான். சாவு வீட்ல தின்னது கணக்குல சேராது. செத்தவருக்காகத் தின்னே. நான் பேசிக்கறேன்."

ரஸ்மானே குனிந்து மிதித்தான். கொஞ்ச தூரம் போய் அப்பியு திரும்பிப் பார்த்தான்.

"என்ன மச்சான், உடம்பு கிடம்பு சரியில்லையா? இவ்வளவு நேரம் வாய் மூடி உன்னைப் பாத்ததே இல்லையே."

தியேபெலே சந்தையில் எள் போட இடமில்லை. கத்திரு ஒரு சிமெண்ட் மூட்டை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அப்பியு நடந்ததைச் சொன்னான். டயர் விற்கிறவன், கொஞ்சம் ஏற்றிச் சொல்வது அவனுக்குத் தொழில்.

"கடமைக்கு ஒரே ஒரு பிடி. அதையும் பாக்கணுமே நீங்க, கசாயம் குடிக்கற மாதிரி முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, தவிட்டைத் திங்கற மாதிரி முழுங்கினான். இவன் கடலைக்கு மயங்கற ஆள் இல்ல. ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். ஜெயிச்சுட்டான்."

சந்தையில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. கடலைக்கு மயங்காத ஒரு பிசாவைக் கண்ணால் பார்த்துவிட்ட வருத்தம் எல்லோர் முகத்திலும் இருந்தது. இனிமேல் எதைச் சொல்லிக் கேலி செய்வது? கத்திரு பெருமூச்சு விட்டு இடுப்பில் செருகியிருந்த பண முடிச்சை அவிழ்த்தாள்.

கூரை வந்துவிட்டது. பேட்டரி வந்துவிட்டது. லாரி காலியாகத் திரும்பிப் போவதைக்கூட ரஸ்மானே மனக்கண்ணால் கண்டுவிட்டான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஆனால் அந்த 'தவிடு' அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் போய் ஒரு நாழிகை ஆகாத மனுஷனுடைய கடலையைத் தவிடு என்கிறானே.

"தவிடு இல்ல" என்றான்.

"என்னடா?" என்றாள் கத்திரு.

"கோராவோட கடலை தவிடு இல்ல அக்கா. அந்த மாதிரி கடலை நான் பிறந்ததுலேர்ந்து தின்னதில்ல. முதல் பிடி அவருக்காகத் தின்னேன். ரெண்டாவது பிடி எனக்காகத் தின்னேன். இவன் பாக்கல. நான் தோத்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டான். தன் வாயை அவன் அன்றைக்கு வெறுத்த அளவு என்றைக்கும் வெறுத்ததில்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கத்திரு இடுப்பு முடிச்சைத் திரும்பக் கட்டினாள். "பேச்சுன்னா பேச்சு. சந்தைப் பணம் கிடையாது."

பிறகு குனிந்து அவன் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "ரெண்டாவது பிடியா? எவ்வளவு பெரிசு?"

"முதலைவிடப் பெரிசு."

அப்போதுதான் சந்தை வெடித்துச் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்த மண் கேட்டதில்லை. மிளகாய் விற்கிறவள் கூடையோடு சாய்ந்தாள். கறிக்கடைக்காரன் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாவு வீட்டில், பிணத்தின் காலடியில், ஒரு பிசா ரெண்டாவது பிடி எடுத்திருக்கிறான். கறிக்கடைக்காரன் வந்து டப்பாவில் ஒரு நோட்டைப் போட்டான்.

"நான் பின்னாடி நின்னேன், சரியா கேக்கல. மறுபடி சொல்லு."

ரஸ்மானே சொன்னான். மிளகாய்க்காரி காசு போட்டாள், கை எப்படிப் போனது என்று நடித்துக் காட்டச் சொன்னாள். நடித்தான். கால்மாட்டில் கிச்சுக்கிச்சு மூட்டியதைக் கேட்க ஒரு கூட்டம் தனியாகச் சேர்ந்தது. வாய் பழையபடி ஆகிவிட்டது. பொழுது சாயும்போது இரண்டாவது பிடி ஒரு முறம் அளவுக்கு வளர்ந்திருந்தது. தகர டப்பா நிறைந்து, அப்பியுவின் காலியான கடலை மூட்டையும் பாதி நிறைந்தது, பேட்டரி வாங்க அதுவே போதும்.

கடைசியாகக் கத்திரு வந்தாள். அவள் தகரமாகவே கொடுத்தாள், ஒரு கூரை அளவுக்கு.

"இது சந்தைப் பணம் இல்ல, என் சொந்தப் பணம். நீ ஜெயிச்சிருந்தா வயிறெரிஞ்சு கொடுத்திருப்பேன்டா அடிமை. வருஷா வருஷம் வந்து தோத்துட்டுப் போ."

லாரி வந்தபோது கொட்டகையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒருத்தரும் ஏறவில்லை. இப்போதெல்லாம் ரஸ்மானேயை இரண்டு இனத்து ஜனங்களும் ரெண்டாவது பிடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அஸாராவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். வேறு வழியில்லை, கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும்.

வகுப்பு தொடங்கும் நாளில் அப்பியு வந்தான். சைக்கிளில் ஒரு சாக்கு. அவேபகா கொடுத்தனுப்பியது.

"என்ன சொன்னாங்க?" என்று ரஸ்மானே கேட்டான்.

"சந்தையில நீ சொன்னதைக் கேள்விப்பட்டாங்களாம். தவிடு இல்லேன்னு சொன்னியே, அதை. இது மூணாவது பிடியாம். இதுக்குச் சாட்சி வேணாமாம்."

ரஸ்மானே சாக்கைப் பிரித்தான். உள்ளே வறுத்த கடலை. யாக்கூபாவின் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் வரிசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்தான். பிறகு எல்லோரும் புதுக் கூரையின்கீழ் சாக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பாடம் மத்தியானத்துக்கு மேல்தான் ஆரம்பித்தது.